கிழமையில் ஒரு மணித்தியாலம்

மதிப்பிற்குரிய ஐயா,

2023 இல் இலங்கையின் தொழிலின்மை வீதம் 4.7 சதவீதம் என்று படித்தேன். என்னோடு பல்கலைக்கழகத்தில் படித்து வெளியேறிய பத்துப் பேரில் ஆறு பேருக்கு இன்னும் ஒழுங்கான வேலை இல்லை. சென்ற மாதம் எங்கள் வீட்டுக்குத் தொழிற்படைக் கணக்கெடுப்புக்கு ஒருவர் வந்தார். இரண்டு ஆடு வளர்த்துப் பால் விற்கும் அம்மாவை வேலையில் இருப்பவர் என்று பதிந்துகொண்டார். கிழமையில் ஒரு மணித்தியாலம் வேலை செய்தாலே போதுமாம். தொழிலின்மையைக் குறைத்துக் காட்டும் வழியல்லவா இது? சராசரிச் சம்பளம் என்று சொல்வதையாவது நம்பலாமா?

ஒரு வாசகர், கோப்பாய்

அன்புள்ள தம்பி,

உங்கள் அம்மாவைப் பதிந்த விதம் சரி. நண்பர்களைப் பற்றிய உங்கள் கோபமும் நியாயமானதே. ஆனால் அந்தக் கோபத்துக்கான பதிலை 4.7 என்ற எண்ணில் தேடினால் கிடைக்காது. அந்த எண் வந்த கணக்கெடுப்பு அறிக்கையின் வேறு அட்டவணைகளில்தான் அது இருக்கிறது.

தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் 1990 முதல் காலாண்டுதோறும் இந்தக் கணக்கெடுப்பை நடத்தி வருகிறது. 15 வயதும் அதற்கு மேலுமான ஒவ்வொருவரையும் மூன்று கூடைகளில் ஒன்றில் போடுவதுதான் அதன் அடிப்படை. கேள்விகள் கடந்த ஒரு கிழமையைப் பற்றியவை. அந்தக் கிழமையில் கூலிக்கோ இலாபத்துக்கோ ஒரு மணித்தியாலமாவது வேலை செய்தவர், குடும்பத் தொழிலில் சம்பளம் இல்லாமல் உழைத்தவர், வேலை இருந்தும் லீவிலோ நோயிலோ நின்றவர் எல்லாரும் வேலையில் இருப்பவர்கள். மிஞ்சியவர்களில், கடந்த நான்கு கிழமைக்குள் வேலை தேட ஏதாவது முயற்சி எடுத்து, வேலை கிடைத்தால் அடுத்த இரண்டு கிழமைக்குள் தொடங்கத் தயாராக இருப்பவர் தொழிலற்றவர். இந்த இரண்டு கூடையும் சேர்ந்ததுதான் தொழிற்படை. மற்ற அனைவரும் அதற்கு வெளியே. முதற்கூடையில் விழுந்தவரை இரண்டாவதில் போட முடியாது. இந்த வரிசை மாறாது.

ஒரு மணித்தியாலம் என்ற எல்லை நம் அரசாங்கம் கண்டுபிடித்ததல்ல. 1982 இல் தொழில் புள்ளிவிபரவியலாளரின் 13 ஆவது சர்வதேச மாநாடு வகுத்த வரையறையிலிருந்து வருவது அது. நாட்டின் மொத்த உற்பத்தியைக் கணிக்கும்போது உங்கள் வீட்டுப் பாலும் அதில் சேர்கிறது. அந்தப் பாலைக் கறந்தவரின் உழைப்பும் எங்கேயாவது சேர வேண்டும் அல்லவா? எல்லையைப் பத்து மணித்தியாலமாக உயர்த்திப் பாருங்கள். உங்கள் அம்மா தொழிலற்றவராக மாட்டார், ஏனென்றால் அவர் வேலை தேடவில்லை. நேரே தொழிற்படைக்கு வெளியே போய்விடுவார். தொழிலின்மை வீதம் நீங்கள் நினைக்கிற அளவுக்கு ஏறாது. பெண்களின் உழைப்புத்தான் கணக்கிலிருந்து மறையும்.

உண்மையான சிக்கல் வரையறையைவிடக் கேள்வி கேட்கும் இடத்தில்தான் அதிகம். படலையில் நின்று கேட்டால் இப்படித்தான் போகும்:

"போன கிழமை ஏதும் வேலை செய்தனீங்களோ அம்மா?"

"எனக்கென்ன வேலை, வீட்டிலைதான் இருக்கிறன்."

அலுவலர் இதோடு நிறுத்தினால் அவர் தொழிற்படைக்கு வெளியே. அடுத்த கேள்வியையும் கேட்டால்:

"விக்கிறதுக்கெண்டு கோழி, ஆடு, தையல், பனையோலைப் பெட்டி, பினாட்டு, மா இடிக்கிறது, அப்பிடி ஏதும்?"

"ஓம், நாலு வீட்டுக்குப் பால் குடுக்கிறன். அதெல்லாம் ஒரு வேலையே?"

இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்கும் அலுவலரும் கேட்காத அலுவலரும் ஒரே ஒழுங்கையில் இரண்டு வேறு எண்களைக் கொண்டுவருவார்கள். பெண்களில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானவர்களே தொழிற்படையில் இருப்பதாக அறிக்கை சொல்கிறது. ஆண்களில் ஏறக்குறைய 70 சதவீதம். அந்த இடைவெளி பெரும்பாலும் உண்மையானதுதான், ஆனாலும் அதில் ஒரு பகுதி கேட்கப்படாத கேள்வியால் வருவது. வீட்டில் இல்லாதவருக்காக வேறொருவர் பதில் சொல்வது இன்னொரு ஓட்டை. மகன் மினிபஸ்ஸில் கொண்டக்டராக எத்தனை மணித்தியாலம் நின்றான், எவ்வளவு எடுத்தான் என்பது தாய்க்குச் சரியாகத் தெரியாது. அவன் மாலையில் செய்யும் இரண்டாவது வேலை பெரும்பாலும் விடுபட்டே போகும்.

இனி உங்கள் நண்பர்கள். ரியூட்டரியில் (தனியார் வகுப்பில்) கிழமைக்கு நான்கு மணித்தியாலம் படிப்பிக்கும் பட்டதாரி வேலையில் இருப்பவர். அரச நியமனத்துக்கு விண்ணப்பித்துவிட்டு வீட்டில் இருப்பவர், அந்த விண்ணப்பம் நான்கு கிழமைக்கு முன் போட்டதென்றால், வேறு முயற்சியும் இல்லையென்றால், தொழிற்படைக்கு வெளியே. அப்படியானால் நீங்கள் வேலையில்லாதவர்கள் என்று எண்ணும் ஆறு பேரில் ஒருவரோ இருவரோதான் 4.7 இற்குள் வருவார்கள். இது எனக்கும் உறுத்துகிற இடம். படிப்புக்கேற்ற வேலை இல்லாத துயரத்தை ஒரு வீதத்தால் அளக்க முடியாது. அதற்குக் கல்வித் தகைமை வாரியான தொழிலின்மையைப் பாருங்கள்: உயர்தரமும் அதற்கு மேலும் படித்தவர்களின் வீதம் மொத்த வீதத்தைவிட எப்போதும் உயர்ந்தே நிற்கிறது, பெண்களிடம் இன்னும் கூட. அடுத்துக் கீழ் உழைப்பு. வேலையில் இருந்தும், முதன்மை வேலையும் இரண்டாவது வேலையும் சேர்த்து 40 மணித்தியாலத்துக்குக் குறைவாக உழைத்து, மேலும் உழைக்கத் தயாராக இருப்பவர்களின் கணக்கு அது. உங்கள் ரியூட்டரி நண்பர் அங்கே இருக்கிறார்.

மணித்தியாலத்தைக் கேட்பது இலேசு என்று தோன்றும், ஆனால் மிக எளிதாகப் பிழைப்பது அதுதான். வெங்காயத் தோட்டக்காரரிடம் "கிழமைக்கு எத்தனை மணித்தியாலம்?" என்றால், "விடியப் போனால் பொழுதுபட்டுத்தான் வாறது" என்பார். அதை நாளுக்கு 12, கிழமைக்கு 72 என்று எழுதினால் தவறு. ஒவ்வொரு நாளாகப் பிரித்துக் கேட்க வேண்டும். காலை 5.30 இலிருந்து 9 வரை தண்ணீர் இறைப்பும் களை பிடுங்கலும், மாலை 4 இலிருந்து 6.30 வரை மருந்தடியும் மற்ற வேலையும்: நாளுக்கு 6. ஆறு நாளுக்கு 36. சுன்னாகம் சந்தையில் விற்க நின்ற 3 மணித்தியாலத்தையும் கூட்டினால் 39. எல்லைக்கு ஒரு மணித்தியாலம் குறைவு. இவர் "இன்னும் வேலை கிடைத்தால் செய்வன்" என்றால் கீழ் உழைப்பில் சேர்வார், "போதும், முதுகு தாங்காது" என்றால் சேரமாட்டார். வசதிக்காக 39 ஐ 40 ஆக்கி எழுதிவிட்டால் கேள்வியே எழாது. மனிதர் வட்ட எண் சொல்லும் பழக்கம் 40 இலும் 48 இலும் குவிவதை எந்த நாட்டின் தரவிலும் காணலாம்.

எதைச் சேர்ப்பது என்பதற்கும் விதி உண்டு. 2008 இல் கூடிய 18 ஆவது மாநாடு அதைத் தெளிவாக்கியது. மேசன் எட்டு மணிக்குத் தொடங்கி ஐந்துக்கு முடித்தால், ஒரு மணித்தியாலச் சாப்பாட்டு இடைவேளை கழியும், தேநீர் குடித்த நேரம் கழியாது. சீமெந்து வரும்வரை வேலைத்தளத்தில் காத்திருந்த நேரமும் வேலை. வீட்டிலிருந்து போய்வந்த நேரம் வேலையல்ல. குருநகர் மீனவர் காற்றுக் கடுமையால் அந்தக் கிழமை கடலுக்கே போகவில்லை, ஆனால் இரண்டு பகல் வலை பொத்தினார் என்றால், அது தொழிலுக்கான வேலைதான், வேலையில் இருப்பவர். இதைத் தெரியாத அலுவலர் பூச்சியம் போடுவார். வழமையாக உழைக்கும் மணித்தியாலம் வேறு, அந்தக் கிழமை உண்மையில் உழைத்தது வேறு. பருவகாலத் தொழில் நிறைந்த நம் மாவட்டத்தில் இரண்டையும் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

சம்பளத்துக்கு வருகிறேன். மாதச் சம்பளக்காரரிடம் கழிவுகளுக்கு முந்திய மொத்தச் சம்பளத்தைக் கேட்க வேண்டும். மக்கள் சொல்வதோ கைக்கு வருவதை. வங்கிக் கடன் தவணையும் ஊழியர் சேமலாப நிதிக்கான 8 சதவீதமும் போன பின் மிஞ்சிய தொகை அது, பல ஆயிரம் குறைவாக இருக்கும். சம்பளத் துண்டைப் பார்த்துப் பதில் சொன்னால் இந்தப் பிழை வராது. நாட்கூலியில் வேறு பொறி. நாளுக்கு 3,500 ரூபாய் எடுக்கும் ஒருவருக்கு மாதம் 14 நாள்தான் வேலை கிடைத்தது என்று வையுங்கள். வருமானம் 49,000. நாட்கூலியை 26 ஆல் பெருக்கினால் 91,000. முதலாவதுதான் அவர் வீட்டு அடுப்பைப் பற்றிச் சொல்கிறது. எனவே கூலி வீதம் ஏறியது என்ற செய்தியைப் படிக்கும்போது, வேலை கிடைத்த நாட்கள் எத்தனை என்றும் கேளுங்கள்.

சராசரியை நம்பலாமா என்றீர்கள். இடையை (எல்லாவற்றையும் கூட்டிப் பங்கிட்டு வரும் சராசரியை) விட்டு இடையத்தைப் (சம்பளங்களை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பதை) பாருங்கள். இரண்டையும் திணைக்களம் வெளியிடுகிறது. ஒன்பது பேர் 40,000 வீதமும் ஒருவர் 4 இலட்சமும் எடுத்தால் இடை 76,000. அந்தத் தொகையை எடுப்பவர் அங்கே ஒருவரும் இல்லை. இடையம் 40,000. ஆண்டுகளை ஒப்பிடும்போது விலைவாசியையும் கழியுங்கள். 2022 செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். அந்த ஆண்டில் சம்பளம் 20 சதவீதம் கூடியவருக்கு வாங்கும் சக்தி ஏறக்குறைய 29 சதவீதம் வீழ்ந்தது (1.20 ஐ 1.698 ஆல் வகுத்துப் பாருங்கள்).

யாழ்ப்பாணத்துக்கென்று ஒரு எண் வேண்டும் என்றால் இன்னும் கவனம் வேண்டும். ஆண்டு முழுவதற்கும் நாட்டில் தெரிவாவது ஏறக்குறைய 25,750 வீடுகள். முதலில் தொகைமதிப்பு வட்டாரங்கள் (குடிசனக் கணக்கெடுப்புக்காகப் பிரித்த சிறு பகுதிகள்), பிறகு ஒவ்வொன்றிலும் பத்து வீடு. ஒரு மாவட்டத்துக்கு ஆயிரம் வீடு என்று பருமட்டாக எடுத்தால், தொழிற்படையில் 1,100 பேரளவில் கிடைப்பார்கள். அவர்களில் 5 சதவீதம் தொழிலற்றவர் என்றால் 55 பேர். பத்து வீடு ஒரே வட்டாரத்தில் இருப்பதால் கூடும் வழுவையும் (மாதிரியால் வரும் பிழையையும்) சேர்த்தால், உண்மையான வீதம் ஏறக்குறைய 3.4 இற்கும் 6.6 இற்கும் இடையில் எங்கும் இருக்கலாம். ஓராண்டு 4.8, மறு ஆண்டு 5.6 என்று வந்தால் அதை வைத்துத் தலையங்கம் எழுதக் கூடாது. 15 பிரதேச செயலகங்களுக்கும் தனித்தனியாகக் கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கெடுப்பு பதில் சொல்லாது.

வெளிநாட்டுக்காரரின் பூட்டிய வீடுகள் நமக்கே உரிய தொல்லை. அப்படி ஒரு வீடு தெரிவானால், திறந்திருக்கும் அயல் வீட்டை அந்த இடத்தில் போடக் கூடாது. பகலில் ஆள் இருக்கும் வீட்டில் வேலைக்குப் போகாதவர்கள்தான் அதிகம் இருப்பார்கள். காலத்தொடரிலும் ஒரு வெட்டு உண்டு: வடக்கு தொடர்ச்சியாக முழுமையாகச் சேர்ந்தது 2011 இலிருந்துதான். 2006 இன் தேசிய எண்ணில் நாம் இல்லை. அதை 2015 உடன் ஒப்பிட்டு ஏற்ற இறக்கம் பேசுவதில் பொருளில்லை. மாதிரிக்கு நிறை கொடுக்க (தெரிவான ஒரு வீடு எத்தனை வீடுகளுக்காகப் பேசுகிறது என்று கணிக்க) உதவும் தொகைமதிப்பும் நமக்கு 1981 இற்குப் பின் முழுமையாக நடந்தது 2012 இல்தான், அடுத்தது 2024 இல். இடையில் எத்தனை இளைஞர் வெளியேறினார்கள் என்பது பழைய சட்டகத்தில் (மாதிரி வீடுகளைத் தெரிவுசெய்யும் பட்டியலில்) தெரியாது.

ஆகவே காலாண்டு அறிக்கையில் யாழ்ப்பாணத்தைத் தேடாதீர்கள். ஆண்டறிக்கையின் மாவட்ட அட்டவணையை எடுத்து, மூன்று ஆண்டுகளைச் சேர்த்துச் சராசரி பாருங்கள். தொழிலின்மை வீதத்துக்குப் பக்கத்தில் பெண்களின் பங்கேற்பு வீதத்தையும் (பெண்களில் தொழிற்படையில் இருப்போரின் பங்கு) சுயதொழில் செய்வோரின் பங்கையும் எழுதி வையுங்கள். கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) உள்ள மாவட்டப் புள்ளிவிபரக் கிளையில் அறிக்கைகளைக் கேட்டுப் பார்க்கலாம்.