வடசேரி சந்தையில் நின்றுபோன வண்டி

அன்புள்ள சார்,

நாங்கள் நாலு பேர் சேர்ந்து இறுதியாண்டு புராஜெக்டாக ஸ்மார்ட் வீல்சேர் ஒன்று செய்திருக்கிறோம். ஜாய்ஸ்டிக், சுற்றிலும் அல்ட்ராசோனிக் சென்சார், ஒரு சின்ன ஸ்பீக்கர். ஒரு மீட்டருக்குள் யார் வந்தாலும் வண்டி நின்று, "தயவுசெய்து வழிவிடுங்கள்" என்று சொல்லும். கல்லூரி வராந்தாவில் அருமையாக ஓடியது. வடசேரி சந்தைக்குக் கொண்டுபோனால் இருபது நிமிடத்தில் பத்தடிகூட நகரவில்லை. சென்சாரை மாற்ற வேண்டுமா? உங்கள் வீட்டில் வீல்சேர் உண்டு என்று எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன்.

ஒரு மாணவி, தக்கலை

அன்புள்ள தங்கச்சிக்கு,

சென்சார் பாவம், அதை விட்டுவிடுங்கள். வடசேரியில் யார் யாருக்கு ஒரு மீட்டர் விடுகிறார்கள்? வாழைக்குலை சுமந்து வருகிறவர் நம் தோளை உரசிக்கொண்டுதான் போவார். எட்வர்ட் ஹால் என்ற அமெரிக்க மானுடவியலாளர் 1966-இல் எழுதியபோது, ஒருவருடைய சொந்த எல்லை சுமார் 45 செ.மீ.யிலிருந்து 1.2 மீட்டர் வரை என்றார். அந்த ஊர்க்காரர்களைப் பார்த்துச் சொன்ன கணக்கு அது. இடத்துக்கு இடம் மாறும் என்றும் அவரே சொல்லியிருக்கிறார். ரோபோ செய்கிறவர்களில் பலர் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

உங்கள் வண்டிக்கு வந்தது பழைய நோய்தான். கூட்டம் ஒரு அளவுக்கு மேல் நெருங்கினால் எந்த வழியும் ஆபத்து என்று கணக்குப் போட்டு ரோபோ உறைந்து நின்றுவிடும். பார்வையை எவ்வளவு துல்லியமாக்கினாலும் இது தீராது என்று ட்ராட்மேன், கிரௌசே என்ற ரோபோ ஆய்வாளர்கள் இருவரும் 2010-இல் காட்டினார்கள். காரணம் எளிது. சந்தையில் நாம் தோளைக் கொஞ்சம் சாய்த்தால் எதிரே வருகிறவரும் சாய்கிறார். எதிராளி விலகுவார் என்பது அந்தக் கணக்கில் இல்லை. அதனால் ஒரேயடியாக நிற்காமல், வேகத்தைக் குறைத்து, போகப்போகிற பக்கம் லேசாகத் திரும்பி ஊர்ந்து பாருங்கள். பார்க்கிறவர்களுக்குப் புரியும்.

அப்புறம் அந்த ஸ்பீக்கர். அதைக் கழற்றிவிடுங்கள்.

பக்கவாதம் வந்த அத்தையை ஒரு ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போயிருந்தேன். சீட்டு எழுதுகிறவர் அத்தையின் தலைக்கு மேலாக என்னைப் பார்த்து, "இவங்களுக்குச் சக்கரை உண்டா?" என்றார். அத்தை நிமிர்ந்து, "எனக்க வாயிக்கு ஒண்ணும் இல்ல மக்களே, என்னட்ட கேளு" என்றாள். அவர் சிரித்தார், ஆனால் அடுத்த கேள்வியும் என்னிடம்தான் வந்தது. பின்னால் தள்ளுகிற ஆளே இல்லாமல் போவதுதான் மோட்டார் வண்டியின் பெரிய லாபம். உங்கள் ஸ்பீக்கர் அந்த ஆளை மறுபடி கொண்டுவந்து வைக்கிறது, பெட்டிக்குள். வழி கேட்பது உட்கார்ந்திருக்கிறவரின் வேலை. "எக்கா, கொஞ்சம் ஒதுங்குங்க" என்று அத்தை சொல்லும்போது அதில் ஒரு விசாரிப்பும் சேர்ந்து வரும், சில சமயம் கீரை விலையும்.

ஜப்பானில் சைதாமா பல்கலைக்கழகத்துக்காரர்கள், கூடவே நடந்து வருகிறவருக்குப் பக்கத்திலேயே ஓடும் வீல்சேர் செய்தார்கள். முகம் பார்த்துப் பேசலாம், இடம் குறுகினால் முன்பின்னாக மாறிக்கொள்ளும். மூளையைச் செலவழிக்க நல்ல இடம் அது.

கல்யாண வீட்டுப் பந்தியிலும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஜாய்ஸ்டிக் மேசையில் முட்டுவதால் இலைக்கு ஒரு முழம் தள்ளித்தான் உட்கார வேண்டிவரும். பிரதமன் பாயசம் மடியில் ஒழுகும். பக்கவாட்டில் மடங்கும் தாங்கி வைத்தால் தீர்ந்தது.

அத்தை உங்கள் வண்டியில் ஏறத் தயார். ஞாயிற்றுக்கிழமை கொண்டு வாருங்கள். எங்கள் வீட்டு முன்வாசலில் மூன்று படி உண்டு, அதனால் நாலு பேரும் வரவேண்டும், தூக்க.