முல்லைத்தீவுக் கரையில் ரொக்கெட் தெரியுமா?

ஐயா, வணக்கம். ஸ்ரீஹரிக்கோட்டாவில் இந்தியா விடும் ரொக்கெட்டை முல்லைத்தீவுக் கடற்கரையில் நின்று பார்க்கலாம் என்று தரம் 8 படிக்கும் மகன் அடம்பிடிக்கிறான். உண்மையிலேயே தெரியுமா? அம்மாவோ, "அந்தக் கரையில் நின்று வானத்தில் வெளிச்சம் பார்க்கிற சோலி வேண்டாம்" என்கிறா.
— ஒரு வாசகி, ஒட்டுசுட்டான்

அன்புள்ள சகோதரி,

தெரியும். ஆனால் எல்லா ரொக்கெட்டும் தெரியாது. ஸ்ரீஹரிக்கோட்டா எங்களுக்கு ஏறக்குறைய நேர் வடக்கே, சுமார் 500 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. பூமியின் வளைவு மறைப்பதால், ரொக்கெட் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் உயரம் போன பிறகுதான் எங்கள் அடிவானத்துக்கு மேலே வரும். அதற்கு ஒரு நிமிடமளவு செல்லும். போனில் வரும் நேரலை பிந்தித்தான் வரும், மணிக்கூட்டைப் பாருங்கள். இந்திய நேரமும் எங்கள் நேரமும் ஒன்றுதானே.

மகனை பிஎஸ்எல்வி என்ற வகை இந்திய ரொக்கெட் போகிற நாளாகப் பார்த்துத் தெரியச் சொல்லுங்கள். வட, தென் துருவங்களுக்கு மேலால் சுற்றும் துருவப் பாதைக்கான செய்மதியை அங்கிருந்து நேர் தெற்கே விட்டால் இலங்கைக்கு மேலால் பறக்கும். கழன்று விழும் பாகங்கள் எங்கள் தலையில் விழக்கூடாதென்று, முதலில் தென்கிழக்கே கடல்மேல் போய்ப் பிறகு தெற்கே திரும்புகிறது. இந்தச் சுற்றால் ஏற்றக்கூடிய எடை குறைகிறது. அவர்களுக்கு நட்டம், கரையில் நிற்கிற எங்களுக்கு லாபம். கடலைப் பார்த்து நின்றால் இடக்கைப் பக்கம் எழும்பி வலக்கைப் பக்கம் நகரும்.

2022 பெப்ரவரி 14 விடிய 5.59க்கு ஒரு பிஎஸ்எல்வி போனதே, அப்படி ஒரு நேரம்தான் நல்லது. கரை இருண்டிருக்கும், உயரத்தில் புகைமேல் வெயில் பட்டுவிடும். சந்திரயான்-3 போனது பிற்பகல் 2.35க்கு. அந்த நேரத்தில் தேடினால் கண் பூத்ததுதான் மிச்சம்.

சரி, அம்மாவுக்கு வருவோம். அவவுக்கு விஞ்ஞானம் விளக்கப் போகாதீர்கள். 2009இல் அந்தக் கரையில் வெளிச்சத்துக்குப் பின்னால் என்ன வந்தது என்று அவவுக்குத் தெரியும். சத்தம் வராது என்பதை மட்டும் சொல்லுங்கள். இவ்வளவு தூரத்தில் எதுவும் கேட்காது. அதற்கும் வரமாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். மகனையும் கூவாமல் பார்க்கச் சொல்லுங்கள். பக்கத்து வாடிகளிலும் அம்மாவின் வயதுக்காரர் இருப்பார்கள்.

மாரியில் போக வேண்டாம், முகில் மறைத்துவிடும். அப்புறம், தூத்துக்குடிப் பக்கம் குலசேகரன்பட்டினத்தில் எஸ்எஸ்எல்வி என்ற சிறிய ரொக்கெட்டுக்கென்று இன்னொரு ஏவுதளத்துக்கு 2024 பெப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அங்கிருந்து சுற்றாமல் தெற்கே விடலாம். மன்னாரிலிருந்து 200 கிலோமீட்டர் சொச்சம்தான். அது ஓடத் தொடங்கினால் மகனை மேற்குக் கரைக்குக் கூட்டிப்போங்கள்.