மீதியான சொட்டு மருந்து: கண் ஆபரேஷன் மருந்துகள் பற்றிக் கேள்வி பதில்

கண் ஆபரேஷன் தியேட்டரில் 29 வருஷம் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். என்ன மருந்து, எதற்கு, கண்ணுக்குள் எங்கே போய் வேலை செய்கிறது என்று கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா என்பதை உங்கள் கண்ணைப் பார்த்த டாக்டர்தான் சொல்ல முடியும்.

கேள்வி (திண்டுக்கல்): சிஸ்டர், அம்மாவுக்கு அடுத்த வாரம் புரை ஆபரேஷன். அன்றைக்குக் காலையில் இருந்து மாற்றி மாற்றிச் சொட்டு விடுவார்களாமே, அத்தனையும் எதற்கு?

பதில்: கண்ணை முன்பக்கம் இருந்து வரிசையாகப் பார்த்தால் புரிந்துவிடும். முதலில் கருவிழி. கறுப்பாகத் தெரிந்தாலும் அது கண்ணாடி மாதிரி தெளிவான படலம், நடுவில் அரை மில்லிமீட்டர் கனம்தான். அதற்குப் பின்னால் கொஞ்சம் நீர். அடுத்து ஐரிஸ் என்ற திரை, கண்ணுக்கு நிறம் தருவது அது. திரையின் நடுவில் உள்ள துவாரம்தான் பாப்பா. அதற்கும் பின்னால் லென்ஸ். புரை விழுவது இந்த லென்ஸில்தான். கண்ணுக்கு மேலே படரும் சதையைப் பலர் புரை என்று நினைக்கிறார்கள், அது வேறு.

லென்ஸை எடுக்க பாப்பா வழியாகத்தான் போக வேண்டும். அதனால் முதல் வேலை பாப்பாவை விரிப்பது. டிராப்பிகாமைடு, சுருக்கும் தசையைத் தளர்த்தும். ஃபினைலெஃப்ரின், விரிக்கும் தசையை இழுக்கும். இரண்டும் சேர்ந்தால் நன்றாக விரியும். ஃபினைலெஃப்ரின் ரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடும், அம்மாவுக்கு பிரஷர் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆபரேஷன் நடுவில் பாப்பா சுருங்காமல் இருக்க கீட்டோரோலாக் மாதிரி ஒரு வலி மருந்தும் சொட்டாகப் போடுவது உண்டு.

அடுத்தது மரக்க வைக்கும் புரோபராக்கைன். சில நொடி எரியும், பிறகு தொட்டாலும் தெரியாது. 1884-இல் வியன்னாவின் கார்ல் கோலர் கோக்கைன் சொட்டில் தொடங்கி வைத்த முறை இது. அதற்கு முன்னால் கண்ணை மரக்க வைக்காமல்தான் கத்தி வைத்தார்கள். சிலருக்குச் சொட்டு போதாது. கண்ணுக்குப் பக்கத்தில் லிக்னோகைன், புபிவகைன் ஊசி போடுவார்கள். மருந்து சீக்கிரம் பரவ ஹயலுரானிடேஸ் சேர்ப்பார்கள்.

பிறகு பழுப்பு நிறத்தில் ஒன்று விடுவார்கள்: 5 சதவீத பொவிடோன் அயோடின். இருக்கிறதிலேயே மலிவான மருந்து. ஆனால் கண்ணுக்குள் சீழ் பிடிப்பதைத் தடுக்கும் முதல் காவல் அதுதான். எங்கள் தியேட்டரில் அதை விடாமல் ஒரு கண்ணையும் உள்ளே விட்டதில்லை.

உள்ளே போனபின் ஜெல் ஒன்று செலுத்துவார்கள். கருவிழியின் உட்புறம் ஒரே ஓர் அடுக்கு செல்கள் இருக்கின்றன. போனால் திரும்ப முளைக்காது. அவற்றைக் காக்கவும், வேலை செய்ய இடம் கிடைக்கவும்தான் ஜெல். புரை முழுக்க வெள்ளையாகிவிட்டால் லென்ஸின் உறை கண்ணுக்குத் தெரியாது, டிரைபன் புளூ என்ற நீலச் சாயம் போட்டு அதைத் தெரிய வைப்பார்கள். எல்லாம் முடிந்து கடைசியில் கண்ணுக்குள்ளேயே ஆன்டிபயாடிக். ஐரோப்பாவில் செஃபுராக்சிம் வைத்து நடந்த ஆய்வு 2007-இல் வெளியானது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக் குழுமம் மாக்சிஃபிளாக்சசின் வைத்து லட்சக்கணக்கான ஆபரேஷன்களின் கணக்கை வெளியிட்டிருக்கிறது. இரண்டிலுமே சீழ் பிடிப்பது வெகுவாகக் குறைந்திருந்தது.

அம்மா சாப்பிடும் எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். சீட்டு மட்டும் போதாது, மாத்திரை அட்டையே வேண்டும்.

கேள்வி (விழுப்புரம்): ஆபரேஷன் முடிந்து எத்தனை நாள் தலைக்குக் குளிக்கக் கூடாது?

பதில்: டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருக்கும் நாள்தான் கணக்கு. அதுவரை கழுத்துக்குக் கீழே குளிக்கலாம், குழாய்த் தண்ணீர் கண்ணில் படக் கூடாது.

கேள்வி (கும்பகோணம்): அப்பாவுக்கு 71 வயது. யூரின் பிரச்சினைக்கு டாம்சுலோசின் சாப்பிடுகிறார். கண் டாக்டரிடம் அதைப் போய்ச் சொல்ல வேண்டுமா?

பதில்: நீங்கள் கேட்டதற்கு நன்றி. இதை ஊர் முழுக்கச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை. அந்த மாத்திரை புரோஸ்டேட் பக்கத்துத் தசையைத் தளர்த்துவதால் சிறுநீர் போகிறது. அதே வகைத் தசை ஐரிஸிலும் இருக்கிறது, அதுவும் தளர்ந்துவிடும். ஆபரேஷன் நடுவில் ஐரிஸ் நனைந்த துணி மாதிரி படபடக்கும், கீறல் வழியே வெளியே வரப் பார்க்கும், பாப்பா சுருங்கிக்கொண்டே போகும். 2005-இல்தான் இதைக் கண்டுபிடித்து எழுதினார்கள். அதற்கு முன்னால் தியேட்டரில் காரணம் தெரியாமல் நாங்கள் தவித்த நாட்கள் உண்டு.

நாலு நாள் மாத்திரையை நிறுத்தினால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். நிறுத்தி வெகுகாலம் ஆனவர்களுக்கும் வந்திருக்கிறது. முன்பே தெரிந்தால் டாக்டர் கண்ணுக்குள் ஃபினைலெஃப்ரின் செலுத்தி, தேவைப்பட்டால் வளையம் வைத்துப் பாப்பாவைப் பிடித்துக்கொள்வார். சிறுநீர்க் கல்லுக்காக இதே மாத்திரையைப் பெண்களுக்கும் தருகிறார்கள், அவர்களும் சொல்ல வேண்டும். மறுபடியும் சொல்கிறேன்: மாத்திரைப் பை.

கேள்வி (ஈரோடு): புரை நன்றாக முற்றட்டும் என்று பாட்டி சொல்கிறார். சரியா?

பதில்: அது அந்தக் காலத்துக் கணக்கு. லென்ஸை உறையோடு முழுசாக எடுத்த நாளில் முற்றியது எடுக்க லேசாக இருந்தது. இப்போது உறையை விட்டுவைத்து உள்ளே இருப்பதை உடைத்து உறிஞ்சுகிறோம். முற்ற முற்றக் கல்லாகும், கருவிழிக்குத்தான் சேதாரம். அளவுக்கு மீறி முற்றினால் கசிந்து கண் அழுத்தமும் ஏறும்.

கேள்வி (தூத்துக்குடி): ஸ்டென்ட் வைத்திருக்கிறேன். ஆஸ்பிரினை நிறுத்தணுமா?

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள் ஐயா. கருவிழியில் ரத்தக் குழாயே கிடையாது. அதன் ஓரத்தில் சின்னக் கீறல் போட்டு, சொட்டிலேயே மரக்க வைத்துச் செய்யும்போது ரத்தம் கசிய வழியில்லை. ஊசி போட்டுச் செய்வதாக இருந்தால் டாக்டர் யோசித்து முடிவெடுப்பார். மாத்திரைப் பை.

கேள்வி (தஞ்சாவூர் பக்கம்): எனக்கு ஆபரேஷனுக்குப் பிறகு தந்த சொட்டு மருந்து மீதி இருந்தது. பேரனுக்குக் கண் சிவந்தபோது அதை விட்டோம், இரண்டே நாளில் வெளுத்துவிட்டது. வீணாகாமல் வைத்திருக்கலாம்தானே?

பதில்: அம்மா, சிவப்பு போனதுதான் எனக்குப் பயமே. ஆபரேஷனுக்குப் பிறகு தருவதில் ஒன்று ஸ்டீராய்டு. உங்கள் கண்ணுக்குள் கத்தி பட்ட இடத்தில் வீக்கம் அடங்க அது வேண்டும். படிப்படியாகக் குறைத்து நிறுத்துவதும் அதனால்தான். எந்தச் சிவந்த கண்ணில் விட்டாலும் அது சிவப்பைக் குறைக்கும். காரணத்தைக் குறைக்காது.

கேள்வி (மன்னார்குடி): இதில் என்ன இருக்கிறது? மெடிக்கலில் கண் சிவப்பு என்றாலே அதைத்தானே எடுத்துத் தருகிறார்கள்? எங்கள் வீட்டில் பத்து வருஷமாக அப்படித்தான்.

பதில்: தருகிறார்கள், தெரியும். அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன். அறுப்பு நேரத்தில் நெல் தூற்றும்போது ஓர் அம்மாவுக்குக் கண்ணில் உமி பட்டது. கருவிழியில் நகக்கீறல் அளவு காயம். கடையில் சொட்டு வாங்கி விட்டார், ஆன்டிபயாடிக்கும் ஸ்டீராய்டும் கலந்தது. வலி குறைந்தது, சிவப்பு குறைந்தது, களத்துக்குத் திரும்பிவிட்டார். நெல், கரும்பு, முள் என்று செடிகொடியால் படும் காயத்தில் பூஞ்சை ஏறும். நம் பக்கம் பியூசேரியம், ஆஸ்பெர்ஜில்லஸ் இரண்டும் சகஜம். ஆன்டிபயாடிக் பூஞ்சையைத் தொடாது. ஸ்டீராய்டு உடம்பின் எதிர்ப்பை அடக்கி அதற்கு வழிவிடும். மூன்றாம் வாரம் எங்களிடம் வந்தபோது கருவிழி முழுக்க வெள்ளை. அந்தக் கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. முதல் இரண்டு நாளில் வந்திருந்தால் பூஞ்சையைக் கொல்லும் நேட்டாமைசின் 5 சதவீத சொட்டே போதுமாக இருந்திருக்கலாம்.

கேள்வி (மன்னார்குடி, அதே நபர்): ஆயிரத்தில் ஒருவருக்கு நடப்பதைச் சொல்லிப் பயமுறுத்துகிறீர்கள். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே.

பதில்: தம்பி, பத்து வருஷம் என்று நீங்கள் சொன்னதுதான் என்னைத் தூங்கவிடாது. ஸ்டீராய்டு சொட்டு சிலருக்குக் கண் அழுத்தத்தை ஏற்றும். வலிக்காது, சிவக்காது. பின்னால் இருக்கும் பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும், ஓரப் பார்வை போன பிறகுதான் தெரியும். செத்த நரம்பை எந்த ஆபரேஷனும் மீட்காது. இந்த வாரமே வீட்டில் எல்லோரும் கண் அழுத்தம் பார்த்துக்கொள்ளுங்கள். சண்டைக்காகச் சொல்லவில்லை.

கேள்வி (புதுக்கோட்டை): அப்படியென்றால் தாய்ப்பால் விடலாமா? மருந்தே இல்லையே.

பதில்: வேண்டாம். பால் கண்ணில் தேங்கினால் கிருமிக்குச் சாப்பாடு. நந்தியாவட்டைச் சாறும் வேண்டாம், எச்சிலும் வேண்டாம். சுத்தமான தண்ணீரால் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேள்வி (சேலம்): தலைக்கு எப்போது குளிக்கலாம்?

பதில்: மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி (நாகர்கோவில்): சொட்டு விட்டால் தொண்டை கசக்கிறதே, ஏன்?

பதில்: கண்ணின் உள்மூலையில் ஊசிமுனைத் துவாரங்கள் உண்டு, கண்ணீர் அதன் வழியே மூக்குக்கு இறங்கும். மருந்தும் கூடவே இறங்குகிறது. கண்ணை மூடி அந்த மூலையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திக்கொள்ளுங்கள். ஒரு சொட்டு போதும், இரண்டாவது வழிந்துதான் போகும். அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிடம் விடுங்கள். கண் அழுத்தத்தைக் குறைக்கத் தரும் டிமோலால் (Timolol) என்று பெயர் இருந்தால் இன்னும் கவனம்: அது ரத்தத்தில் கலந்து ஆஸ்துமாக்காரர்களுக்கு மூச்சுத் திணற வைக்கும்.

கேள்வி (கோவை): எந்தக் கம்பெனி லென்ஸ் நல்லது? எவ்வளவு ஆகும்?

பதில்: அது என் துறை இல்லை.

கேள்வி (வேலூர்): மாமாவுக்குப் புரை இன்னும் முற்றவில்லையாம், காத்திருக்கலாமா?

பதில்: ஈரோட்டுக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர் பக்கம்): சிஸ்டர், அந்தப் பாட்டிலைத் தேடி எடுத்தேன். பிரட்னிசோலோன் அசிடேட் என்று இருக்கிறது. திறந்து எட்டு மாதம்.

பதில்: அதுதான் ஸ்டீராய்டு. திறந்து ஒரு மாதத்துக்கு மேல் எந்தச் சொட்டும் வைத்திருக்கக் கூடாது, கிருமி சேர்ந்திருக்கும். மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் பாட்டிலைக் குப்பையில் போடுங்கள், பேரன் கைக்கு எட்ட வேண்டாம். இரண்டு நாள்தான் விட்டீர்கள் என்றால் பதற வேண்டாம். கண் அரிக்கிறது, கூசுகிறது என்று மறுபடி சொன்னால் அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போய், முன்பு இந்த மருந்து விட்டதையும் சொல்லுங்கள்.