ஊரடங்கில் ஆர்வமாகச் சேர்ந்த பெரியவர்கள் இணையப் படிப்பைப் பாதியில் விட்டது ஏன்? மறுபடி தொடங்கினால் எப்படி முடிப்பது?

சோம்பேறித்தனம் என்று பழி போடுவது அநியாயம். பெருந்தொற்றுக்கு முன்பே நிலைமை இதுதான். எட்எக்ஸ் என்ற இணையப் படிப்புத் தளத்தில் ஹார்வர்டும் எம்ஐடியும் நடத்திய படிப்புகளில் 2017-18இல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்தான். சான்றிதழுக்குப் பணம் கட்டியவர்களில் மட்டும் நூற்றுக்கு 46 பேர்.

2020 மார்ச் 25இல் ஊரடங்கு வந்ததும் சேர்க்கை எகிறியது. படிக்கிற நேரமோ சுருங்கியது, பெண்களுக்கு இன்னும் மோசம். வீட்டில் ஒரே ஸ்மார்ட்போன். பகலெல்லாம் பிள்ளையின் வகுப்பு. வீடியோவோடு ஓடும் ஜூம் வகுப்பு மணிக்கு 800 எம்பிகூடத் தின்னும். பாத்திரம் கழுவிவிட்டு இரவு பத்து மணிக்கு அம்மா போனை எடுத்தால், அன்றைய 1.5 ஜிபி டேட்டா தீர்ந்து வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கும். அந்த வார அசைன்மென்ட்டை அனுப்ப வேண்டிய புதன்கிழமை இரவு 11:59 கெடுவும் கை நழுவிவிடும்.

இரண்டு கெடு தவறியதும் 'அவ்வளவுதான்' என்று விட்டுவிடுகிறார்கள். ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் நடத்தும் என்பிடெல் இணையப் படிப்பைப் பொறுத்தவரை அது தவறான முடிவு, வேதனையான முடிவும்கூட. 12 வாரப் படிப்பில் சிறந்த 8 அசைன்மென்ட்டுகளைத்தான் எடுப்பார்கள்; நான்கு போனாலும் ஒன்றும் குறையாது. அசைன்மென்ட்டுக்கு 25 மதிப்பெண், தேர்வுக்கு 75; சான்றிதழுக்கு முறையே 10, 30 வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: நான்கே அசைன்மென்ட்டில் முழு மதிப்பெண் எடுத்தாலும் 12.5 வந்துவிடும்.

முதல் முறை என்றால் 4 வாரப் படிப்பை எடுங்கள். அதில் நான்கில் மூன்று போதும். வீடியோக்களை 360பி தரத்தில் ஒரே நாளில் இறக்கி வையுங்கள். பல பாடங்களுக்குத் தமிழ் எழுத்துவடிவமும் இருக்கிறது. அசைன்மென்ட்டைத் திங்களன்றே ஒருமுறை சமர்ப்பித்துவிடுங்கள், அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை. கெடுவுக்குள் எத்தனை முறையும் திருத்தலாம், கடைசியாக அனுப்பியதே கணக்கு.

படிப்பில் சேர்வது இலவசம். தேர்வுக்குத் தனியாகப் பதிந்து, பணம் கட்டி, மையத்துக்கு நேரில் போக வேண்டும். 2020 ஏப்ரலில் அந்த வழி அடைபட்டதால், ஒழுங்காகப் படித்தவர்கள்கூடக் கையில் சான்றிதழ் இல்லாமல் நின்றார்கள். இப்போது பலர் தவறவிடுவது அந்தத் தனிப்பதிவின் கடைசித் தேதியை. சேர்ந்த அன்றே அதை நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.