இங்கி பிங்கி போட்டால் எத்தனை மார்க்? கொள்குறி வினா, கேள்வி பதில்

கேள்வி: சார், நாலு விடை உள்ள 100 கேள்விக்கு, எதுவுமே படிக்காமல் இங்கி பிங்கி போட்டு நிரப்பினால் எவ்வளவு வரும்?

பதில்: சராசரியாக 25. பெரும்பாலும் 17க்கும் 33க்கும் நடுவில் விழும். கேள்வி குறையக் குறைய அதிர்ஷ்டத்தின் ஆட்டம் கூடும். பத்தே பத்து சரி/தவறு கேள்வி கொடுத்து 5 எடுத்தால் பாஸ் என்று வைத்தால், கேள்வியைப் படிக்கக்கூட இல்லாதவர்களில் 100க்கு 62 பேர் தேறிவிடுவார்கள்! அதையே நாலு விடை, 20 கேள்வி, பாஸுக்கு 10 என்று மாற்றினால் ஒன்றிரண்டு பேர்தான்.

கேள்வி: சில தேர்வுகளில் தப்பு விடைக்குக் கழிக்கும் நெகட்டிவ் மார்க் ஏன் மூன்றில் ஒரு பங்கு?

பதில்: நாலு விடையில் கண்ணை மூடிக்கொண்டு போட்டால் ஒன்று சரியாகும்போது மூன்று தப்பாகும். அந்த மூன்றும் சேர்ந்து அந்த ஒரு மார்க்கை விழுங்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. அஞ்சு விடை என்றால் கால் மார்க். நாலு விடை வைத்து, சரிக்கு 4, தப்புக்கு மைனஸ் 1 என்று போடும் தேர்வில் இதுகூட முழுசாக நடப்பதில்லை, குருட்டடிக்கும் கேள்விக்குச் சராசரியாகக் கால் மார்க் மிஞ்சும்.

கேள்வி: சந்தேகம் வந்தால் நான் விட்டுவிடுவேன். என் தோழி எல்லாவற்றையும் ஷேடு பண்ணுவாள், மார்க்கும் அவளுக்குத்தான் அதிகம். இது நியாயமா அண்ணா?

பதில்: இல்லை தங்கச்சி, எனக்கு இந்த முறைமேல் கோபமே இங்கேதான். எல்லாரும் எல்லாக் கேள்விக்கும் விடை போட்டால், மைனஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ரேங்க் வரிசை அப்படியேதான் இருக்கும், போட்டுப் பாருங்கள். யாராவது காலியாக விடும்போதுதான் வரிசை கலைகிறது, அதாவது அங்கே அளக்கப்படுவது படிப்பு இல்லை, துணிச்சல். ஒரு கேள்வியில் அ, ஈ இரண்டும் இல்லை என்று தெரிகிறது, ஆ, இ இரண்டுக்கும் நடுவே பேனா ஆடுகிறது என்று வையுங்கள். விட்டால் பூஜ்யம். போட்டால் பாதி வாய்ப்பு 1, பாதி வாய்ப்பு மைனஸ் மூன்றில் ஒன்று, சராசரி லாபம் மூன்றில் ஒரு மார்க். அப்படி 15 கேள்வியை விட்டால் 5 மார்க் போச்சு. ஒரே ஒரு விடையைத் தப்பு என்று ஒதுக்க முடிந்தாலும் லாபம்தான், கொஞ்சம் குறைவு. அமெரிக்காவில் கல்லூரியில் சேர எழுதும் எஸ்ஏடி தேர்வே, தப்புக்குக் கால் மார்க் கழிப்பதை 2016இல் கைவிட்டுவிட்டது.

கேள்வி: நான் ஆசிரியை. மைனஸ் இல்லாமல் யூகத்தை எப்படிச் சமாளிப்பது?

பதில்: மேடம், கேள்விகளைக் கூட்டுங்கள், அப்புறம் தவறான விடைகளுக்கு மெனக்கெடுங்கள். பிள்ளைகள் வழக்கமாகச் செய்யும் தப்பையே விடையாக வையுங்கள். யாருமே தொடாத நாலாவது விடை இடத்தை அடைக்கத்தான் உதவும், நல்ல மூன்று போதும். பாஸ் மார்க்கை 0இலிருந்து அல்ல, இங்கி பிங்கி தரும் மார்க்கிலிருந்து எண்ணுங்கள்.

கேள்வி: தெரிந்து போட்டதா, யூகமா என்று பிரிக்கவே முடியாதா?

பதில்: ஓரளவு முடியும். லண்டன் யூசிஎல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கார்ட்னர்-மெட்வின் கொண்டுவந்த முறையில் விடையோடு உறுதியையும் 1, 2, 3 என்று குறிக்க வேண்டும். சரியானால் குறித்த அதே எண்தான் மார்க், தப்பானால் முறையே 0, மைனஸ் 2, மைனஸ் 6. 80 சதவீதத்துக்கு மேல் உறுதி இருந்தால்தான் 3 போடுவது லாபம், வெத்துவேட்டு செல்லாது. பயிற்சித் தேர்வுக்கு அருமை. ரேங்க் போடும் தேர்வில் வைத்தால் மறுபடி துணிச்சல் பிரச்சினைதான் தலைதூக்கும் என்பது என் எண்ணம்.

கேள்வி: எல்லாவற்றுக்கும் 'இ' போட்டால்?

பதில்: விடைகளை ஒழுங்காகக் கலைத்து வைத்திருந்தால் எந்த எழுத்தும் ஒன்றுதான். யோசிக்கிற நேரம் மிச்சம்.