பயமா, ஃபோபியாவா? மலையிலிருந்து வந்த கேள்விகள்

நீலகிரியில் மனநல ஆலோசகராக வேலை செய்கிறேன். பயத்தைப் பற்றியும், ஆபத்தின் அளவை மீறி அன்றாட வாழ்க்கையை முடக்கும் பயமான ஃபோபியாவைப் பற்றியும் எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

கூடலூரிலிருந்து: மேடம், எங்கள் லைன் வீட்டுப் பக்கம் யானை வர ஆரம்பித்ததிலிருந்து விடியும் முன்னால் நான் கதவைத் திறப்பதே இல்லை. உனக்கு ஃபோபியா என்கிறான் மகன். அப்படியா?

இல்லைம்மா. கூடலூர், பந்தலூர் பக்கம் யானை தாக்கி ஆட்கள் செத்திருக்கிறார்கள், அந்த ஊரில் இருட்டில் கதவைத் திறக்காமல் இருப்பது புத்திசாலித்தனம். ஆபத்தின் அளவுக்குப் பயம் வந்து, ஆபத்து போனதும் அதுவும் போய்விட்டால் அது நம்மைக் காப்பாற்றுகிற பயம். டிவியில் யானையைக் காட்டினாலே வியர்த்து நெஞ்சு படபடத்து எழுந்து போய்விடுகிறீர்களா? பட்டப்பகலில் நாலு பேர் கூட வந்தாலும் கடைக்குப் போக மறுக்கிறீர்களா? இதெல்லாம் ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தால் ஃபோபியாவா என்று யோசிப்போம். யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது, இந்தப் பயத்துக்காக எதையெல்லாம் விட்டுவிட்டீர்கள் என்பதைத்தான். விடியும்வரை காத்திருப்பது மட்டும்தான் என்றால் உங்களுக்கு ஒன்றும் இல்லை, மகனிடம் தாராளமாகச் சொல்லுங்கள்.

குன்னூரிலிருந்து: மேட்டுப்பாளையம் இறங்குகிற பஸ்ஸில் ஏறவே முடியவில்லை. கோவையில் தங்கை வீட்டுக்குப் போய் நாலு வருஷம் ஆகிறது. தினமும் எத்தனையோ பஸ் பத்திரமாகப் போய்வருவது எனக்கும் தெரியும், ஆனாலும் முதல் கொண்டை ஊசி வளைவை நினைத்தாலே கால் நடுங்குகிறது.

தெரிந்தும் நடுங்குகிறதே, அதுதான் ஃபோபியா. அதனால்தான் வீட்டில் உள்ளவர்கள் ஆயிரம் தடவை எடுத்துச் சொன்னாலும் பலன் இருப்பதில்லை. பஸ் ஸ்டாண்ட் வரை போய்விட்டு ஏறாமல் திரும்பும்போது நெஞ்சு லேசாகிறது இல்லையா, அந்த நிம்மதிதான் பயத்துக்குத் தீனி. ஏறாததால் பிழைத்தோம் என்று மூளை கற்றுக்கொள்கிறது, அடுத்த முறை இன்னும் முன்னாலேயே, வீட்டு வாசலிலேயே நிறுத்திவிடும்.

இதற்கு வழி கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே போவது. 1924லேயே அமெரிக்காவில் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், முயலைக் கண்டு அலறிய மூன்று வயதுக் குழந்தைக்கு இப்படிச் செய்து பார்த்தார். குழந்தை பிடித்த பண்டத்தைச் சாப்பிடும்போது முயலை முதலில் தூரத்தில் வைத்து, நாளடைவில் பக்கத்தில் கொண்டுவந்தார், கடைசியில் குழந்தை முயலைத் தொட்டு விளையாடியது.

இதே சாலைக்குப் பயந்த ஓர் அக்காவுடன் நான் முதல் நாள் செய்தது, நின்றுகொண்டிருந்த பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தது, அவ்வளவுதான். முன் சீட்டின் கம்பியைப் பிடித்த பிடியில் விரல் முட்டியெல்லாம் வெளுத்துவிட்டது. பயம் பத்துக்கு எவ்வளவு என்று கேட்டேன், ஒன்பது என்றார். நாங்கள் இறங்கவில்லை. இருபது நிமிஷம் கழித்துக் கேட்டால் நாலு. முந்தானையில் உள்ளங்கையைத் துடைத்துவிட்டு, பசிக்குது மேடம் என்றார். அடுத்து இரண்டு வளைவு வரை, அப்புறம் பர்லியார் வரை, அப்புறம் மேட்டுப்பாளையம். நடுவில் ஒரு வாரம் பின்னால் போனது, அது சகஜம். பயம் இறங்கும்வரை நாம் இறங்காமல் இருக்க வேண்டும், இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

சிலர் பதற்றம் குறைக்கிற மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஏறுகிறார்கள். அப்போது போய்வந்தது மாத்திரையால்தான் என்று மனசு நம்பிவிடும், தைரியம் நம் கணக்கில் சேராது. ஆனால் டாக்டர் கொடுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வளைவில் வாந்தி வருவது இதோடு சேராது, அது வேறு விஷயம்.

ஊட்டியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: அக்கா, ஊசியைப் பார்த்தாலே மயங்கி விழுந்துவிடுகிறேன். மூச்சை நன்றாக இழுத்துவிட்டு உடம்பைத் தளர்த்து என்கிறார்கள், அப்படிச் செய்தாலும் விழுகிறேன்.

தம்பி, உனக்கு அந்த யோசனை சரிவராது. மற்ற பயங்களில் ரத்த அழுத்தம் ஏறும், பெரும்பாலும் ஆள் மயங்குவதில்லை. ரத்தம், ஊசி பயத்தில் மட்டும் அழுத்தம் முதலில் ஏறிவிட்டுச் சட்டென்று விழுகிறது, மூளைக்குப் போகிற ரத்தம் குறைந்து மயக்கம் வருகிறது. குடும்பத்தில் வேறு யாருக்காவது இருக்கிறதா என்று கேட்டுப்பார், பெரும்பாலும் இருக்கும். ஆகவே நீ உடம்பை இறுக்க வேண்டும். ஸ்வீடனைச் சேர்ந்த லார்ஸ் யோரன் ஓஸ்ட் என்ற உளவியலாளர் வகுத்த முறை இது: கை, கால், வயிறு எல்லாவற்றையும் 10 முதல் 15 விநாடி இறுக்கு, முகத்தில் சூடு ஏறுவது தெரியும். பிறகு 20, 30 விநாடி சாதாரணமாக இரு. இப்படி ஐந்து தடவை. வீட்டில் சில வாரம் பழகிவிட்டு ஊசி போடும்போது செய், ஊசி போடுகிற கையை மட்டும் தளர்வாக வைத்துக்கொள். நர்ஸிடம் முதலிலேயே சொல்லிவிட்டுப் படுத்துக்கொள், இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. ரத்தமோ ஊசியோ இல்லாதபோதும் மயக்கம் வந்தால் இதயத்தைப் பரிசோதிக்க வேண்டும், தள்ளிப்போடாதே.

கோத்தகிரியிலிருந்து: மூன்றரை வயசுப் பையன், மூடுபனி இறங்கினால் அழுகிறான்.

அந்த வயசுக்கு அது இயல்பு. இருட்டு, இடி, பனி எல்லாம் வந்துபோகிற பயங்கள். பயமா இருக்கா என்று கேட்டு, கையைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை போய் நில்லுங்கள். உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் அவன் கற்றுக்கொள்கிறான்.

எஸ்டேட்டில் வேலை செய்யும் ஒருவர்: ரத்தம் உறிஞ்சும் அட்டைப்பூச்சி என்றால் எனக்கு ஆகாது. பயம் போகட்டும் என்று கூட இருப்பவர்கள் என் மேலேயே தூக்கிப் போட்டார்கள்.

அவர்கள் செய்தது தப்பு, மனதாரச் சொல்கிறேன். சிகிச்சையில் அடுத்த அடியை வைப்பது பயப்படுகிறவர்தான், மற்றவர்கள் இல்லை. இப்படித் திடுக்கிட வைத்தால் பயம் இன்னும் ஆழமாகத்தான் பதியும்.

கேத்தியிலிருந்து: 2009 நவம்பர் மண்சரிவில் பக்கத்து வீடு போனதைப் பார்த்தேன். இன்றும் தகரத்தில் பலமாக மழை விழுந்தால் தூங்க மாட்டேன், அந்தச் சத்தம் திரும்பக் கேட்கிறது. இது மழை ஃபோபியாவா?

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது வேறு. அந்த மழையில் மாவட்டத்தில் 40க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், நீங்கள் அதைக் கண்ணால் கண்டவர். சத்தமும் காட்சியும் இப்போது நடப்பதுபோலத் திரும்பி வருவது பேரதிர்ச்சி விட்டுப்போகிற பாதிப்பாக இருக்கலாம். அதற்குத் தனியாகச் சிகிச்சை இருக்கிறது, இத்தனை வருஷம் கழித்தும் பலன் தரும். நீங்களாகப் பயிற்சி எதுவும் ஆரம்பிக்க வேண்டாம், நேரில் ஒருவரைப் பாருங்கள். அதுவரை அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் இருக்கிறது, எண் 14416. பணம் கட்ட வேண்டாம், தமிழில் பேசலாம், நடுராத்திரி மழை பிடித்துக்கொண்டாலும் கூப்பிடலாம்.