ஸ்டூடண்ட்ஸ் செய்ற கார் மட்டும் எப்படி லிட்டருக்கு ஆயிரக்கணக்குல கிலோமீட்டர் குடுக்குது?

ஷெல் ஈக்கோ மாரத்தான் பத்தி தான் நிறைய பேர் இப்படி கேக்குறாங்க. இது யாரு ஃபர்ஸ்ட் வர்றாங்கங்கிற ரேஸ் இல்ல, யாரு வண்டி கம்மியா குடிக்குதுங்கிற போட்டி. 1939ல அமெரிக்காவுல ஷெல் எண்ணெய் கம்பெனி விஞ்ஞானிங்க தங்களுக்குள்ள கட்டுன பந்தயத்துல ஆரம்பிச்சது, இப்ப காலேஜ் பசங்க வண்டி கட்டி எடுத்துட்டு வர்றாங்க.

முதல் விஷயம் எடையும் காத்தும். 2005ல சுவிட்சர்லாந்துல இருக்குற சூரிச் ஈடிஹெச் யுனிவர்சிட்டி மாணவர்கள் ஓட்டுன, ஹைட்ரஜன்ல ஓடுற பேக்-கார் 2ங்கிற வண்டி சுமார் 30 கிலோ தான், மூணே சக்கரம், கண்ணீர்த்துளி மாதிரி ஷேப்பு, டிரைவர் உள்ள கிட்டத்தட்ட மல்லாந்து படுத்துட்டு தான் ஓட்டணும், ஏசி பாட்டெல்லாம் கனவுல கூட கிடையாது.

எனக்கு ரொம்ப புடிச்சது பெட்ரோல் வண்டிங்க பண்ற ட்ரிக். இன்ஜினை சில செகண்ட் நல்லா வேலை வாங்கி வேகம் ஏத்திட்டு அப்படியே ஆஃப் பண்ணிடுவாங்க, வண்டி சும்மா உருண்டு போகும், வேகம் கொறஞ்சதும் மறுபடி ஸ்டார்ட். ஏன்னா இன்ஜினுக்கு கம்மி லோடு குடுத்தா, தன்னோட உராய்வுக்கும் காத்தை இழுக்கவுமே பாதி சக்தி போயிடும். ஒரு கைப்பிடி அரிசிக்கு கிரைண்டர் போடுற மாதிரி, மாவை விட கல்லு சுத்துறதுக்கு தான் கரண்ட் செலவு. சைக்கிள்ல நாலு மிதி மிதிச்சுட்டு காலை நிறுத்திட்டு போவோம்ல, அதே தான்.

அப்புறம், பேக்-கார் 2 ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு சமமான ஹைட்ரஜன்ல 5,385 கிமீன்னு ரெக்கார்டு வச்சதே, அவ்ளோ தூரம் நெஜமா ஓட்டுனாங்கன்னு நெனச்சுக்காதீங்க, ட்ராக்ல சில ரவுண்டு ஓட்டி எரிபொருளை துல்லியமா அளந்து போட்ட கணக்கு தான் அது.